ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க

நவம்பர் 3, திங்கள்

கொச்சியிலிருந்து காலையில் வந்து சேர்ந்தேன். பால்கனியில் காயப்போட்டுவிட்டுப் போன துணியெல்லாம் மழையில் மறுபடி நனைந்து ஒரே நாற்றம். எல்லாவற்றையும் திரும்ப ஊறவைத்துவிட்டு மொபைலை எடுத்தேன். விமர்சனங்கள் வர ஆரம்பித்துவிட்டன.

பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு வருடம் ஒரு இருட்டு அறையில் உட்கார்ந்து 'ஓட்டை சைலன்சர்' ஆவணப்படத்தை வெட்டி ஒட்டியவள் நான். தொண்ணூறுகளில் புளியந்தோப்பில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த பங்க் ராக் குழுவின் பெயர் அது. மூன்று ஸ்வரம், நாலு கெட்ட வார்த்தை, தொண்டை கிழியக் கத்தல். தண்ணீர் லாரியைத் திட்டிப் பாட்டு, ரேஷன் கடையைத் திட்டிப் பாட்டு. பாடகர் ஒபேத் அண்ணன் இப்போது அறுபதை நெருங்குகிறார். ஒரு பக்கம் வாய் லேசாகக் கோணியிருக்கிறது, மாத்திரையில் வண்டி ஓடுகிறது. இவரை வைத்து ஒரு படமா என்று இங்கே சிரித்தார்கள். கொச்சியில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எல்லோரும் ஒரே இடத்தைத்தான் எழுதுகிறார்கள். டிரம்மர் கஜா ஆஸ்பத்திரியில் செத்த அன்று ஒபேத் அவரை விட்டுவிட்டு ஏதோ ஓட்டலில் பாடப் போய்விட்டார் என்று அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. படத்தில் இயக்குநர் ரகு கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்கிறார்: "கஜா சாகும்போது நீங்க எங்க இருந்தீங்க?" ஒபேத் வாயே திறப்பதில்லை. நாற்பது விநாடி வெறும் முகம். கண் கீழே போகிறது, மேலே வருகிறது. தூரத்தில் ஒரு மணி கேட்கிறது. உதடு பிரியப்போகிறது, அங்கே வெட்டு. கறுப்புத் திரை.

"சமீபத்திய ஆவணப்படங்களில் ஆகச் சிறந்த நாற்பது விநாடி" என்கிறார் ஒருவர். "இயக்குநர் ரகுநந்தனின் பொறுமைக்குக் கிடைத்த பரிசு" என்கிறார் இன்னொருவர். ரகுவுக்குப் பொறுமையாம்! கேள்வியைக் கேட்டுவிட்டு டீ வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்க்கிற ஆள். எடிட்டிங் என்று ஒரு வேலை இருப்பதே இந்த விமர்சகர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. ஒரே ஒரு பத்திரிகை என் பெயரைப் போட்டிருக்கிறது. உமையாள் என்பதற்குப் பதில் உமா என்று போட்டிருக்கிறது.

நவம்பர் 5, புதன்

இன்று ஓர் ஆங்கில நாளிதழில் அரைப் பக்கம். "அந்த மணியோசை கஜாவுக்காக ஒலிக்காமல் போன சாவு மணியா, ஒபேத்தின் மனசாட்சியா?" என்று கேட்டிருக்கிறார்கள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் ஏனோ அதைத் திரும்பப் படிக்கப் பிடிக்கவில்லை. காஸ் சிலிண்டருக்குச் சொல்லிவைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

ஜலால் வந்தான். படத்தின் ஒலிப்பதிவாளன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனால் கொச்சிக்கு வர முடியவில்லை. நேற்று ரகு அனுப்பிய லிங்க்கில்தான் முழுப்படமும் பார்த்திருக்கிறான். உள்ளே வந்து ஈரக் குடையை மடக்காமலே நின்றான்.

"அக்கா, அந்த மணி சோன்பப்டி வண்டி."

"தெரியும்."

"அது என் ரூம் டோன்க்கா."

ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் ஜலால் கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க" என்பான். எல்லோரும் இருந்த இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். ஃபேன், தெரு, பக்கத்து வீட்டு டிவி என்று அந்த அறைக்கே உரிய வெறும் சத்தம் ஒரு நிமிடம் பதிவாகும். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழுகிற ஓட்டைகளை அதை வைத்துத்தான் பூசுவோம். அதற்குப் பெயர் ரூம் டோன். சத்தத்துக்காக எடுப்பது என்றாலும் கேமராவை யாரும் நிறுத்துவதில்லை. பேட்டி கொடுத்தவர் சும்மா உட்கார்ந்திருப்பதும் கூடவே பதிவாகும்.

"அண்ணன் அந்தக் கேள்விக்குப் பேசினாரேக்கா. பதினோரு நிமிஷம் பேசினாரு. நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டு அழுதுட்டேன். அவரு முடிச்ச அப்புறம்தான் நான் எல்லாரையும் பேசாதீங்கன்னு சொன்னேன். பேசினது எங்க?"

"படத்துக்கு ஒட்டலடா. ரொம்ப நீளம்."

"அதுக்காக, நான் சும்மா இருங்கன்னு சொன்னப்போ சும்மா இருந்தவரை..."

"எடிட்டிங்னா இதுதான் ஜலால். தோசை மாவு இருக்கு, சாப்பிடறியா?"

வேண்டாம் என்று போய்விட்டான். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் வாசலிலிருந்து ஹால் வரைக்கும். துடைத்தேன். இந்தக் காலத்துப் பையன்களுக்கு எல்லாமே பெரிய தர்மசங்கடம்.

நவம்பர் 8, சனி

யூடியூபில் ஒருவன் கழுத்து நரம்பு புடைக்கப் பேசியிருக்கிறான். தலைப்பு: 'நண்பனைச் சாகவிட்ட பாடகன்!' ட்ரெய்லரில் வரும் மௌனத்தை நாலு தடவை போட்டுக் காட்டி, உதடு பிரிகிற இடத்தில் நிறுத்தி, "இங்க என்ன சொல்ல வந்தாரு தெரியுமா? 'என்னை மன்னிச்சிடு கஜா'ன்னு. அதைக்கூட அவரால சொல்ல முடியல" என்கிறான். லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். கீழே கமெண்ட்டுகள் காறித் துப்புகின்றன.

ரகு போன் செய்து குதித்தார். வெளிநாட்டு விழா ஒன்று படத்தைக் கேட்டிருக்கிறதாம். இருபத்திரண்டாம் தேதி சென்னையில் திரையிடல், விமர்சகர்கள் எல்லோரும் வருகிறார்கள். பேச்சோடு பேச்சாக, "அந்த ரா ஃபுட்டேஜ் டிஸ்க்கைக் காலி பண்ணிடு உமை. அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு வேணும்" என்றார். எப்போதும் செய்வதுதான். படம் முடிந்தால், வெட்டாத மூலப் பதிவெல்லாம் இருக்கிற டிஸ்க்கை அழித்து அடுத்த படத்துக்குக் கொடுப்போம்.

சரி என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

டிஸ்க்கை அழிக்கவில்லை. தலைவலி. மழை.

நவம்பர் 11, செவ்வாய்

ஒபேத் அண்ணன் போன் செய்தார். எனக்கு அவர் போன் செய்வது இதுதான் முதல் தடவை.

"எடிட்டரம்மா, ஒபேத்து பேசறேன். தொந்தரவு இல்லியே?"

"சொல்லுங்க அண்ணே."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தத் தம்பி கேட்டதுக்கு நான் பதில் சொன்னேன் இல்ல?"

சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"சொன்ன மாதிரிதாம்மா கீது. நாயிலேர்ந்து எல்லாம் சொன்னேன்னு நெனப்பு. ஆனா படத்துல நான் சும்மா ஒக்காந்துகினு கீறேன். கஜா பொண்ணு போன்ல காமிச்சுது, நானே பாத்தேன். கேமரா பொய் சொல்லாது இல்ல? இந்த மாத்திர போட்டா எனக்கு சிலது கலங்கிடுது. மனசுல சொன்னத வாயால சொன்னேன்னு நெனச்சுக்கினேனோ?"

கஜாவின் மனைவி பூங்காவனம் புளியந்தோப்பில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். கஜா போன நாளிலிருந்து, இருபத்தாறு வருடமாக, ஒபேத் அண்ணனுக்குக் காலைச் சாப்பாடு அங்கேதான். அவருக்கென்று வேறு குடும்பம் கிடையாது. போன வாரம் பூங்காவனம் அவரிடம் நேராகவே கேட்டிருக்கிறார், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. இவரும் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். "நெசமாயிருந்தா கேமரா முன்னால கேட்டப்பவே சொல்லியிருப்ப. இப்ப செத்துப்போன எங்க மாமனாரு மேல பழியப் போடறியா?" என்று பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

"இப்பலாம் எனக்கு எல போடறதில்லம்மா. அது பரவால்ல, நாஷ்டா எங்கன்னாலும் கெடைக்கும். அண்ணேன்னு கூப்புட மாட்டேங்குது. 'அந்தாளு'ங்குது."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதிவிடுகிறேன். "நூறு மணி நேர ஃபுட்டேஜ் அண்ணே. எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"பொறுமையா பாரும்மா. அவசரம் இல்ல" என்று வைத்துவிட்டார்.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. பாத்திரத்தை ரொம்ப நேரம் தேய்த்தேன்.

நவம்பர் 12, புதன்

ஞாபகம் இல்லையாம். எத்தனை தடவை கேட்டிருப்பேன் அதை. டிஸ்க்கைத் திறக்காமலே எழுத முடியும்.

"கஜா என் கையப் புடிச்சுக்கினு, 'நைனாவ இட்டாடா, ஒரு தபா பாக்கணும்'ன்னான். சாதி வுட்டுக் கட்டிக்கினான்னு அவங்கப்பா மேஸ்திரி அவன் மொகத்துலயே முழிக்கறதில்ல. நான் காசிமேட்டுக்கு ஓடினேன். மேஸ்திரி கதவத் தொறக்கல. உள்ள நடக்கற சத்தம் கேக்குது. காலுல வுழறேன் வா மேஸ்திரின்னு கத்தறேன். என் தொண்ட தெரியும் இல்ல ஒனக்கு? தெருவே எழுந்துகிச்சு, அவரு வரல. வாலு அறுந்த நாயி ஒண்ணு வாசல்ல. மொதல்ல கொலச்சுது. அப்புறம் அதுக்கே பாவமாப்போயி எம் பக்கத்துல வந்து படுத்துக்கிச்சு. விடிஞ்சுது. கஜாக்கு இன்னா சொல்றதுன்னு யோசிச்சுக்கினே போனேன். சொல்றதுக்கு அவன் இல்ல."

அப்புறம் கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறார். டம்ளர் பல்லில் படுகிற சத்தம் மைக்கில் கேட்கும்.

"பொணத்துக்கு வந்தாரு மேஸ்திரி. கைக்கொழந்தையத் தூக்கினாரு. தூக்கினவரு அப்புறம் கீழயே எறக்கல. பூங்காவனத்தையும் வூட்டுக்கு இட்டுக்கினு போயி மவ மாதிரி வெச்சுக்கினாரு. இப்பப் போயி நான், ஒம் புள்ள கூப்ட்டு நீ வரலன்னு சொன்னா அந்த வூடு நிக்குமா? அதான் மூடிக்கினேன். ஓட்டல்ல பாடப் போனான்னாங்க. சொல்லட்டும்னு வுட்டுட்டேன். போன சித்திரையில மேஸ்திரி போய்ட்டாரு. பூங்காவனத்துக்கு நேர்ல சொல்ல வாய் வரல. இதுல பாத்துக்கட்டும்."

படம் பார்த்து அந்த அம்மா தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான் பேட்டியே கொடுத்தார். இருபத்தாறு வருடம் மூடியிருந்த வாயை ஒரே ஒரு நாள் திறந்தார்.

படத்தின் எழுபதாவது நிமிடத்துக்கு மேல் புதிதாக ஒரு அப்பா, ஒரு கதவு, ஒரு நாய் என்று கொண்டுவந்தால் பார்க்கிறவன் கொட்டாவி விடுவான். சோதனைத் திரையிடலில் விட்டார்கள். இதை எந்த எடிட்டரைக் கேட்டாலும் சொல்வார்.

நவம்பர் 14, வெள்ளி

ஜலால் ஒரு சிற்றிதழின் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. எழுதியவர் கோ. நீலமேகம் என்ற பெரியவர். படத்தைப் பாராட்டிவிட்டு ஒரு பத்தி:

"எல்லோரும் வியக்கும் அந்த மௌனத்தை நான் நம்பவில்லை. கேள்வி வந்து விழுந்தால் கேட்கப்பட்டவனின் கழுத்து ஒரு கணமாவது இறுகும். இந்த முகம் இறுகவில்லை. இது சொல்ல முடியாமல் தவிப்பவனின் முகம் அல்ல, சொல்லி முடித்தவனின் முகம். அவன் சொன்னதை நமக்கு யாரோ காட்டவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தவறாகவும் இருக்கலாம்."

ரகுவுக்கு அனுப்பினேன். சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டு, "இதை மொத்தம் இருநூறு பேர் படிப்பாங்க" என்று பதில் அனுப்பினார்.

நவம்பர் 15, சனி

வளசரவாக்கத்தில் ரகுவின் அலுவலகத்துக்குப் போனேன். பதிலைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"உமை, அந்த முகத்துல குற்ற உணர்ச்சி இருக்கா, இல்லையா? கஜா சாகறப்போ கூட இல்லையேன்னு அவர் இன்னிக்கும் மருகறார். அதைத்தான காட்டினோம்? இல்லாததையா காட்டினோம்?"

"ஊரே அவரைக் கொலைகாரன் மாதிரி பேசுது ரகு. அந்தம்மா அவருக்குச் சோறு போடறதில்ல."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும், மெஸ் கார்டு வாங்கித் தரட்டுமா? எப்படி வேணா உபயோகப்படுத்திக்கலாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். படம் வெளிநாடு போகப்போற நேரத்துல, மௌனம் பொய்னு நாமளே சொல்லணுமா?"

அப்புறம் மொபைலை எடுத்து, ரொம்ப நேரம் மேலே தள்ளிக்கொண்டே போய், என் முன்னால் வைத்தார். மார்ச் மாதம் நான் அனுப்பிய செய்தி.

'ரூம் டோன்ல இருந்த முகத்தைக் கேள்விக்கு அப்புறம் போட்டுப் பாத்தேன். மிரட்டுது ரகு. பதிலைத் தூக்கிடலாம்.'

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ரெண்டு நாள் சண்டை போட்டு என்னைச் சம்மதிக்க வெச்சது யாரு?" என்றார். கரிசனமான குரலில் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. "நான் உன்னைக் காட்டிக் குடுக்கமாட்டேன். நீயும் பேசாம இரு. திங்கட்கிழமை டிஸ்க் வந்துடணும். புது சீரீஸ் நீதான் பண்றே, மறந்துடாதே."

சாலிகிராமத்தில் என் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். செருப்பு அறுந்துவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோக்காரர் எங்கே என்று கேட்டார். வளசரவாக்கம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். புளியந்தோப்பு என்றேன்.

தெருவில் கணுக்கால் தண்ணீர். காலை வியாபாரம் முடிந்து பூங்காவனம் இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேல், இழுத்துச் செருகிய சேலை. சுவரில் மாலை போட்ட பெரியவர் படம், அதன் தலைக்கு மேல் சின்ன சிவப்பு பல்பு.

"டிபன் முடிஞ்சுபோச்சும்மா."

"சாப்பிட வரலீங்க. என் பேரு உமையாள். ஒபேத் அண்ணனைப் பத்தின படத்துல வேலை செஞ்சேன். எடிட்டர்."

"அப்டின்னா இன்னா?"

"எடுத்ததுல எது இருக்கணும், எது வேணாம்னு வெட்டி ஒட்டறவ."

கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அந்தாளு வாயத் தொறக்காம ஒக்காந்துகினு கீதே, அத்த அங்க வெச்சது நீயா?"

டைரக்டர் என்று சொல்லலாம். படத்தில் அப்படி அமைந்துவிட்டது என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் மழை, பின்னால் எங்கோ கூட்ஸ் வண்டி. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது கேமராவோடு நின்றிருந்தால் நாற்பது விநாடி தாராளமாகத் தேறியிருக்கும்.

"நான்தான்" என்றேன். "அவர் பதில் சொன்னாருங்க. நான் எடுத்துட்டேன். கொண்டுவந்திருக்கேன்."

கிரைண்டரை நிறுத்தினார். ஒரு மேஜையைத் துடைத்துக் கொடுத்தார். லேப்டாப்பில் டிஸ்க்கை மாட்டி ஓடவிட்டேன். 'நைனாவ இட்டாடா' என்ற இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சந்தேகம் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. நாய் வந்ததும் பட்டென்று நிமிர்ந்தார்.

"டைகரு!"

"என்னங்க?"

"வாலு அறுந்த நாயி. மாமா வூட்டு டைகரு. நான் கொழந்தையோட அந்த வூட்டுக்குப் போனப்ப, யாரு வந்தாலும் புடுங்கற நாயி அது. இவரு மொத மொத அங்க வராரு, அது கொலைக்கவே இல்ல. ஓடியாந்து காலுல சுத்துது. அந்த மொட்ட வால வேற ஆட்டுது. இன்னாடா அதிசயம்னு நானும் மாமாவும்..."

நிறுத்திக்கொண்டார். சுவரில் இருந்த மாமனாரின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்த நாய் எதற்கு என்றுதான் நான் முதலில் வெட்ட ஆரம்பித்தேன்.

"மாமா ஒண்ணுமே சொல்லல அன்னிக்கு. உள்ள எழுந்து போய்ட்டாரு."

பேச்சு முடிந்ததும், "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். எழுந்து போய் அந்தச் சிவப்பு பல்பை அணைத்தார். இருட்டில் படத்தைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டார்.

"எம் பொண்ண வளத்தவரு. அவரு தப்பு அவரோட. இவரு எதுக்கு அத்த சொமக்கணும்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்குக் காமிச்சா ஆச்சா? பால்காரன் கேக்கறான், சர்ச்சுல கேக்கறாங்கோ. அத்த ஊருக்கே காமிச்சீங்கோ. இத்த மட்டும் ஒளிச்சு ஒளிச்சு எனக்குக் காமிக்கறே."

சனிக்கிழமை திரையிடல் இருப்பதைச் சொன்னேன்.

"மீதிய அங்க பாத்துக்கறேன்" என்று தட்டுகளைக் கழுவப் போய்விட்டார்.

நவம்பர் 18, செவ்வாய்

ஒபேத் அண்ணனுக்கு நானே போன் செய்தேன்.

"சொன்னீங்க அண்ணே. வாயாலதான் சொன்னீங்க."

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப எனக்குக் கலங்கல."

"கலங்கல அண்ணே. நான்தான் வெட்டிட்டேன்."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். தமிழில் உள்ள எல்லாக் கெட்ட வார்த்தையையும் மேடையில் பாடியவர். அவர் கேட்டது வேறு.

"நாயி கீதா அதுல?"

"இருக்கு. சனிக்கிழமை எல்லாத்தையும் திரும்பச் சேத்துப் போடட்டுமா அண்ணே?"

"பூங்காவனம் இன்னிக்கு நாஷ்டா குடுத்தனுப்பிச்சுது. ஒண்ணும் பேசல. சரி, போட்டுக்கோ அத்த. ஒனக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆகும்னுதான் நினைக்கறேன்."

சிரித்தார். தொண்டையில் அந்தப் பழைய கரகரப்பு. "அப்ப நீயும் ஓட்ட சைலன்சருதான்."

போனை வைத்துவிட்டு அழுதேன். வெட்கமாக இருக்கிறது, அதனால் இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

நாளைக்கு அரங்கில் ஓடப்போகிற பிரதியைத் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. தயாரித்துவிட்டேன். படம் நீண்டுவிட்டது. பதினோரு நிமிடத்தில் ஒரு விநாடியைக்கூட வெட்டவில்லை, டம்ளர் சத்தம் உட்பட. அதற்கப்புறம் வருவதையும் வெட்டவில்லை.

ஜலாலுக்கு மட்டும் சொன்னேன். பிரதியை அவனே அரங்கில் கொண்டுபோய்க் கொடுத்தான். ரகுவின் டிஸ்க்கை, எடுக்கவேண்டியதை எடுத்துக்கொண்டு, சுத்தமாகத் துடைத்து அனுப்பிவிட்டேன். புது சீரீஸின் ஒப்பந்தம் மெயிலில் வந்து கிடக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. போட்டாலும் நாளை மாலைக்கு மேல் செல்லாது.

நவம்பர் 22, சனி

மதியம் மூன்று மணிக் காட்சி. மழையிலும் அரங்கம் நிறைந்துவிட்டது. முதல் இரண்டு வரிசையில் விமர்சகர்கள். ஓரத்தில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மெலிந்த பெரியவர், அவர்தான் நீலமேகம் என்று ஜலால் காட்டினான். கடைசி வரிசையில் கஜாவின் மகள், பூங்காவனம், நடுவில் ஒரு காலி நாற்காலி, அதற்கப்பால் இஸ்திரி போட்ட சட்டையில் ஒபேத் அண்ணன். அவரைப் பார்த்துச் சிலர் காதோடு காது பேசினார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கடைசியில உன் பேரையும் மேடையில சொல்றேன்" என்றார். தலையாட்டினேன். அந்த எழுபது நிமிடமும் நான் திரையைப் பார்க்கவில்லை, என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேள்வி வந்தது. "கஜா சாகும்போது நீங்க எங்க இருந்தீங்க?" மௌனத்துக்காக அரங்கம் தயாரானது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருப்பவரை முழங்கையால் தொட்டு, இதோ என்று காட்டினார்.

"கஜா என் கையப் புடிச்சுக்கினு..." என்றார் திரையில் ஒபேத்.

ரகு என் மணிக்கட்டைப் பிடித்தார். "என்ன பண்ணியிருக்க?" என்றார். பிடி வலித்தது. அவர் எழுந்து புரொஜெக்டர் அறைப் பக்கம் போனார். கதவில் ஜலால் நின்றுகொண்டிருந்தான். என்ன பேசினார்களோ, கேட்கவில்லை. படம் நிற்கவில்லை.

யாரும் கொட்டாவி விடவில்லை. நாய் வந்து பக்கத்தில் படுத்த இடத்தில் ஒரு பெண் விசும்பினாள். எழுபதாவது நிமிடத்துக்கு மேல் புது ஆட்களைக் கொண்டுவரக் கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. "இதுல பாத்துக்கட்டும்" என்று சொல்லி முடித்தார் ஒபேத். கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்புறம் திரைக்கு வெளியிலிருந்து ஜலாலின் குரல் பெரிதாக வந்தது.

"ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க."

அதே முகம். கண் கீழே போனது, மேலே வந்தது. முன்வரிசை முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தது. எழுதிக்கொண்டிருந்த ஒருவர் பேனாவை மூடினார். சோன்பப்டி வண்டியின் மணி கேட்டது. நீலமேகம் மட்டும் மெல்லத் தலையாட்டிக்கொண்டார். உதடு பிரிந்தது. இத்தனை நாள் நான் கறுப்பாக்கிவைத்திருந்த இடம் அது. திரையில் ஒபேத் அண்ணன், வாத்தியாரிடம் கேட்கிற பிள்ளை மாதிரி, மைக் இருந்த பக்கம் பார்த்துக் கேட்டார்:

"இப்ப பேசலாமா, தம்பி?"

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். நடுவிலிருந்த காலி நாற்காலிக்குப் பூங்காவனம் மாறி உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"பேசுண்ணே" என்றார்.